பன்றியின் வெள்ளணுக்கள் கற்பிக்கும் பாடம்

(பெங்களூருவில் கால்நடை மருத்துவ மாணவர்களும் துறை அலுவலர்களும் கூடிய அவையில் ஆற்றிய உரை)



பன்றியைப் பற்றிப் பேச இன்று உங்கள் முன் நிற்கிறேன். கறவை மாட்டிற்கும் கோழிக்கும் நம் திட்டங்களில் கிடைக்கும் இடம் பன்றிக்குக் கிடைப்பதில்லை. ஆயினும் வடகிழக்கு மாநிலங்களிலும், ஜார்க்கண்டின் பழங்குடி ஊர்களிலும், நமக்கு அண்மையிலுள்ள குடகு மலைப் பகுதியிலும் பன்றி பல குடும்பங்களின் கைமுதலாக இருந்து வருகிறது. பிள்ளையின் பள்ளிச் செலவுக்கும், வீட்டில் நோய் வந்தால் மருத்துவச் செலவுக்கும் விற்பதற்கென்றே கொட்டிலில் ஒரு பன்றியை வைத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. அந்தப் பன்றி நோயில் மடிந்தால், அக்குடும்பத்தின் சேமிப்பு ஒரே இரவில் கரைந்துவிடுகிறது.

2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நாட்டில் ஏறத்தாழ 1 கோடியே 3 லட்சம் பன்றிகள் இருந்தன. 2019இல் நடந்த 20ஆவது கால்நடைக் கணக்கெடுப்பில் இத்தொகை 90 லட்சத்து 60 ஆயிரமாகக் குறைந்தது. அதாவது ஏழு ஆண்டுகளில் 12 விழுக்காட்டுக்குச் சற்று மேலான வீழ்ச்சி. அதற்கு அடுத்த ஆண்டே, 2020இல், ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் அசாமிலும் அருணாசலப் பிரதேசத்திலும் முதன்முறையாக உறுதி செய்யப்பட்டது. அது வைரஸ் நோய். பாக்டீரியாக்களால் வரும் கழிச்சலும், நிமோனியாவும், இரத்த நச்சேற்றமும் செய்தித்தாளில் இடம்பெறுவதில்லை. ஆயினும் ஆண்டு முழுதும் குட்டிகளைக் கொண்டுசெல்கின்றன.

கொட்டிலில் வேலை செய்யும் எவரும் கண்டிருக்கும் ஒரு நிலைமையை இங்கே குறிப்பிட விரும்புகிறேன். ஒரே தாய் ஈன்ற குட்டிகள், ஒரே தீவனம், ஒரே பாக்டீரியா. ஒரு குட்டி இரண்டு நாளில் மடிகிறது. மற்றொன்று காய்ச்சல் கண்டு தேறுகிறது. மூன்றாவது நோயே காணாமல் வளர்கிறது; ஆனால் வாரக் கணக்கில் சாணத்தில் கிருமியை வெளியேற்றி மற்றவற்றுக்குப் பரப்புகிறது. இவ்வேறுபாடு ஏன்? விடையில் ஒரு பகுதி பராமரிப்பில் உள்ளது. மற்றொரு பகுதி அக்குட்டிகளின் வெள்ளணுக்களிலுள்ள மரபணுக்கள் கிருமியைக் கண்டதும் எவ்வாறு செயற்படுகின்றன என்பதில் உள்ளது. அந்த இரண்டாவது பகுதியை விளக்குவதே இவ்வுரையின் நோக்கம்.

ஒரு பழைய கிருமியின் வரலாறு

அமெரிக்காவில் 1880களில் பன்றிக் காய்ச்சல் பண்ணைகளை அழித்துக்கொண்டிருந்தது. அந்நாட்டு அரசின் கால்நடைத் துறையில் பணியாற்றிய டேனியல் சால்மன், தியோபால்டு ஸ்மித் ஆகிய இருவரும் நோயுற்ற பன்றிகளிலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து, அதுவே நோய்க்குக் காரணம் என அறிவித்தனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், உண்மையான காரணம் நுண்வடிகட்டியையும் கடந்து செல்லும் ஒரு வைரஸ் என்று தெளிவாயிற்று. வைரஸினால் நலிந்த உடலில் அந்தப் பாக்டீரியா பின்னர் வந்து குடியேறியிருந்தது.

முடிவு தவறானாலும் உழைப்பு வீண்போகவில்லை. கொல்லப்பட்ட கிருமியை உடலில் செலுத்தினாலும் காப்பு உண்டாகும் என்பதை 1886இல் புறாக்களில் அவர்கள் காட்டினர். இறந்த கிருமித் தடுப்பூசிகளுக்கு அது முன்னோடி. அந்தப் பாக்டீரியாவின் குடும்பத்திற்குச் சால்மனின் பெயரால் சால்மொனெல்லா என்னும் பெயர் நிலைத்தது. இன்று பன்றியின் வெள்ளணுக்களைப் பற்றிய மரபணு ஆய்வுகளில் மிகுதியாகப் பயன்படும் கிருமிகளில் இதுவும் ஒன்று. கிருமியை மட்டும் பார்த்தால் போதாது, அதனை ஏற்கும் உடலின் நிலையையும் பார்க்க வேண்டும் என்பதே இவ்வரலாறு தரும் பாடம்.

வெள்ளணுவுக்குள் நடப்பது

நுரையீரலிலும், குடற்சுவரிலும், இரத்தத்திலும் கிருமியை முதலில் எதிர்கொள்ளும் அணுக்களுள் முக்கியமானது மேக்ரோஃபேஜ் எனப்படும் பெருவிழுங்கணு. கிருமியை விழுங்கிச் செரிப்பது அதன் தொழில். அணுக்கள் இவ்வாறு அயற்பொருளைச் சூழ்ந்து விழுங்குவதை ரஷ்ய அறிஞர் மெச்னிகாவ் 1882இல் விண்மீன் உயிரியின் இளவுயிரில் கண்டு, இதுவே உடற்காப்பின் அடிப்படை என்றார். 1908இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆனால், விழுங்கணு தன் முன் நிற்பது கிருமி என்பதை எவ்வாறு அறிகிறது என்னும் வினாவுக்கு விடை கிடைக்க மேலும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

சால்மொனெல்லா, ஈ.கோலி முதலிய பாக்டீரியாக்களின் புறத்தோலில் கொழுப்பும் சர்க்கரையும் இணைந்த ஒரு பொருள் உள்ளது. பன்றியின் உடலில் அப்பொருள் இல்லை. ஆகவே அதைக் கண்டால் அயலான் வந்திருக்கிறான் என்று பொருள். விழுங்கணுவின் மேற்பரப்பிலுள்ள டி.எல்.ஆர்.4 என்னும் ஏற்பி அப்பொருளை இனங்காண்கிறது. பாக்டீரியா நீந்துவதற்குப் பயன்படுத்தும் கசையிழையை டி.எல்.ஆர்.5 இனங்காண்கிறது. வேறு வகைப் பாக்டீரியாக்களின் சுவர்ப் பொருள்களை டி.எல்.ஆர்.2 இனங்காண்கிறது. ஈயில் இத்தகைய ஏற்பியின் பணியைக் கண்டறிந்த ஹாஃப்மனும், சுண்டெலியில் டி.எல்.ஆர்.4இன் பணியை 1998இல் நிறுவிய பாய்ட்லரும் 2011ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பெற்றவர்களில் இருவர்.

ஏற்பி கிருமியை அறிந்ததும் நடப்பதைக் கிராமத்து வழக்கம் ஒன்றால் விளக்கலாம். இரவில் ஏரிக்கரையில் உடைப்பைக் காணும் காவலாள் ஓடிவந்து பறையறைவிக்கிறான். ஊர் விழிக்கிறது, ஒருவர் மண்வெட்டி எடுக்கிறார், ஒருவர் சாக்கு எடுக்கிறார். அணுவில் பறையறைபவன் என்.எஃப்.கப்பா-பி என்னும் புரதம். வழக்கமாக அது உட்கருவுக்கு வெளியே கட்டுண்டு கிடக்கும். ஏற்பியிலிருந்து குறிப்பு வந்ததும் கட்டு அவிழ்கிறது; புரதம் உட்கருவுக்குள் நுழைகிறது; உறங்கிக்கிடந்த மரபணுக்களைச் செயற்படச் செய்கிறது. டி.என்.எஃப்., இன்டர்லூகின்-1, இன்டர்லூகின்-6 ஆகியவை காய்ச்சலையும் வீக்கத்தையும் தோற்றுவித்துப் போர் நிலையை அறிவிக்கின்றன. இன்டர்லூகின்-8 மற்ற வெள்ளணுக்களை அவ்விடத்திற்கு வரவழைக்கிறது. சில மணி நேரத்தில் நூற்றுக்கணக்கான மரபணுக்களின் செயற்பாடு கூடியும் குறைந்தும் மாறிவிடுகிறது.

இங்கே மாணவர்கள் ஒன்றைத் தெளிவாக உணர வேண்டும். மரபணுக்கள் மாறுவதில்லை, அவற்றின் செயற்பாடே மாறுகிறது. செயற்படும் மரபணு, தூது ஆர்.என்.ஏ. என்னும் நகலை உருவாக்குகிறது. எந்த மரபணுவின் நகல் எவ்வளவு உள்ளது என்று அளந்தால், அந்த நேரத்தில் அணு எதில் ஈடுபட்டிருக்கிறது என்பதை அறியலாம். முற்காலத்தில் ஒவ்வொரு மரபணுவாக அளந்தனர். இன்று ஒரு துளி இரத்தத்திலுள்ள ஆயிரக்கணக்கான மரபணுக்களின் நகல்களை ஒரே முறையில் படித்துவிட இயலும். பன்றியின் முழு மரபணுத் தொகுதி, துரோக் இனப் பெண் பன்றி ஒன்றினை அடிப்படையாகக் கொண்டு 2012இல் வெளியிடப்பட்டதால் இந்த வேலை எளிதாயிற்று. மணத்தை உணரும் மரபணுக்களும் நோயெதிர்ப்பு மரபணுக்களும் பன்றியில் விரைவாக மாறி வந்துள்ளன என்பது அப்பணியில் வெளிப்பட்ட செய்தி. மண்ணைக் கிளறி உண்ணும் விலங்குக்கு மூக்கும் நோயெதிர்ப்பும் வாழ்வின் இரு தூண்கள் எனலாம்.

ஓங்கிய குரல் காப்பாகுமா?

நோயெதிர்ப்பு மரபணுக்கள் எவ்வளவு கூடுதலாகச் செயற்படுகின்றனவோ அவ்வளவு நன்மை என்று எண்ணத் தோன்றும். ஆய்வுகள் வேறு விதமாகச் சொல்கின்றன. அமெரிக்காவின் அயோவா மாநில ஆய்வாளர்கள் பன்றிகளுக்குச் சால்மொனெல்லாவைக் கொடுத்து, அவற்றின் சாணத்திலுள்ள கிருமி அளவையும் இரத்தத்திலுள்ள மரபணுச் செயற்பாட்டையும் ஒப்பிட்டு 2011இல் வெளியிட்டனர். கிருமியை நெடுநாள் வெளியேற்றிய பன்றிகளின் இரத்தத்திலேயே மரபணுக் கொந்தளிப்பு மிகுதியாக இருந்தது. கிருமியைக் குறைவாக வெளியேற்றியவை ஒப்பளவில் அமைதியாக இருந்தன.

உடைப்பை அடைக்கத் திரண்ட கூட்டம், வேலை முடிந்தும் கலையாமல் நின்றால் பயிர் மிதிபடும். அணுவுக்கும் இது பொருந்தும். ஆகவே இயற்கை அடக்கும் மரபணுக்களையும் படைத்திருக்கிறது. என்.எஃப்.கப்பா-பியை மீண்டும் கட்டிவைக்கும் புரதம், அதே என்.எஃப்.கப்பா-பியின் தூண்டுதலால்தான் உருவாகிறது. இன்டர்லூகின்-10 வீக்கத்தைத் தணிக்கிறது. விரைவில் தொடங்கி, வேண்டிய அளவு நடந்து, உரிய நேரத்தில் அடங்கும் எதிர்ப்பே உடலைக் காக்கிறது. சீனத்தின் சிச்சுவான் மாநிலத்தில் 2005இல் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சுயிஸ் என்னும் பன்றிப் பாக்டீரியா மனிதருக்குத் தொற்றி இருநூறுக்கும் மேற்பட்டோரைப் பாதித்தது; 38 பேர் மாண்டனர். கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களில் பலருக்கு உடலின் எதிர்ப்பே கட்டுக்கடங்காமல் போய் அதிர்ச்சி நிலை உண்டாயிற்று.

பன்றியிலிருந்து மனிதர் அறியத்தக்கது இன்னும் உண்டு. நோயெதிர்ப்பைப் பற்றிய நம் அறிவில் பெரும்பகுதி சுண்டெலியிலிருந்து வந்தது. எடின்பரோவின் ராஸ்லின் நிலையத்தார் பன்றியின் விழுங்கணுக்களைப் பாக்டீரியாப் பொருளால் தூண்டி, செயற்பட்ட மரபணுக்களை மனித அணுக்களோடும் சுண்டெலி அணுக்களோடும் ஒப்பிட்டு 2012இல் வெளியிட்டனர். பன்றியின் அணுக்கள் பல வகையில் மனித அணுக்களையே ஒத்திருந்தன. சுண்டெலியின் அணுக்கள் பெருமளவில் வெளியிடும் நைட்ரிக் ஆக்சைடைப் பன்றியின் அணுக்கள் அவ்வாறு வெளியிடவில்லை. மனித அணுக்களும் அத்தகையனவே. ஆகவே பன்றியின் வெள்ளணுவைப் படிப்பது கால்நடைத் துறையின் தனிவேலை மட்டுமன்று. மனித மருத்துவத்திற்கும் அது துணைசெய்யும்.

ஓர் எழுத்து மாறினால்

பன்றிக்குப் பன்றி எதிர்ப்பு வேறுபடுவதற்கு மரபணுவின் எழுத்துகளில் உள்ள சிறு வேறுபாடுகளும் காரணமாகின்றன. டி.எல்.ஆர்.5 ஏற்பியின் மரபணுவில் ஏற்பட்ட ஒரு மாற்றம், சால்மொனெல்லாவின் கசையிழையை இனங்காணும் திறனைக் குறைக்கிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2011இல் காட்டினர். காவலாள் இருக்கிறான், அவன் பார்வை மங்கியிருக்கிறது.

வெள்ளணுவுக்கு அப்பாலும் இத்தகைய எடுத்துக்காட்டு உண்டு. குட்டிகளுக்குக் கழிச்சலும் வீக்கமும் தரும் ஒருவகை ஈ.கோலி, குடற்சுவரில் ஒட்டிக்கொண்டால்தான் நோய் உண்டாகும். எஃப்.யூ.டி.1 என்னும் மரபணுவில் ஓர் எழுத்து மாறிய குட்டிகளில், இரு பெற்றோரிடமிருந்தும் அம்மாற்றம் வந்திருந்தால், ஒட்டுவதற்கு இடமே அமைவதில்லை. வேறொரு வகை ஈ.கோலிக்கு இடங்கொடாத பன்றிகளை டென்மார்க்கில் மரபணுக் குறியீட்டைக் கொண்டு தேர்ந்து இனப்பெருக்கம் செய்தனர். மருந்து கொடுத்து நோயைத் துரத்துவதற்கு முன், நோய்க்கு இடங்கொடாத விலங்கைத் தேர்வது என்னும் வழி இவ்வாறு உருவாயிற்று.

மருந்தின் எல்லை

இவ்வழி இன்று ஏன் இன்றியமையாதது? பல நாடுகளில் பன்றி வளர்ப்பு நெடுங்காலம் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைத் தீவனத்தில் கலந்து கொடுக்கும் முறையைச் சார்ந்திருந்தது. நோய் இல்லாத காலத்திலும் எடை கூடுவதற்காகவே அது கலக்கப்பட்டது. 2015இல் சீனத்தில், கொலிஸ்டின் என்னும் மருந்தை எதிர்க்கும் எம்.சி.ஆர்.1 மரபணு பன்றிகளிலும், இறைச்சியிலும், நோயாளிகளிலும் உள்ள ஈ.கோலியில் கண்டறியப்பட்டது. ஒரு பாக்டீரியாவிலிருந்து மற்றொரு பாக்டீரியாவுக்குத் தாவக்கூடிய மரபணு அது. மற்ற மருந்துகள் பயனற்றுப்போன நோயாளிக்கு மருத்துவர் கடைசியாக நாடும் மருந்துகளில் ஒன்று கொலிஸ்டின். பன்றிக் கொட்டிலில் அதன் வலிமையை இழந்துவிட்டால் மருத்துவமனையில் உயிர் போகும். 2019 ஜூலையில் இந்திய அரசு, உணவுக்காக வளர்க்கும் கால்நடை, கோழி, மீன் ஆகியவற்றுக்குக் கொலிஸ்டினைப் பயன்படுத்துவதைத் தடைசெய்தது.

தடை வேண்டியதே. ஆனால் மருந்தை விலக்கச் சொன்னால், அவ்விடத்தில் வேறெதை வைப்பது என்று உழவர் கேட்பார். அதற்கு அதிகாரிகளிடம் விடை இருக்க வேண்டும். அவ்விடை தூய்மை, தடுப்பூசி, நோய் தாங்கும் இனம் ஆகிய மூன்றின் சேர்க்கை. மூன்றாவதற்கு நாம் இன்னும் போதிய அடித்தளம் இடவில்லை.

நாட்டுப் பன்றியின் கணக்கு

2019ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நம் பன்றிகளில் 70 லட்சத்துக்கு மேற்பட்டவை நாட்டுப் பன்றிகளாக இருந்தன. வங்காளத்தின் குங்ரூ, மேகாலயாவின் நியாங் மேகா, நாகாலாந்தின் தென்யி வோ, அசாமின் தூம், மிசோரத்தின் சோவாக், கோவாவின் அகோண்டா, நிக்கோபாரின் பன்றி என இனங்கள் பல, கர்னாலிலுள்ள தேசிய விலங்கு மரபுவளப் பணியகத்தில் பதிவு பெற்றுள்ளன. இவை நோய் தாங்குபவை என்று ஊரார் சொல்வர்; நூல்களும் சொல்லும். நம்மில் பலரும் அதைத் திரும்பச் சொல்லிவிட்டு அமைதியடைகிறோம்.

எந்த நோயை, எவ்வளவு, எந்த மரபணுவினால் தாங்குகின்றன என்று அளந்து சொல்லாதவரை அது பேச்சாகவே இருக்கும். பேச்சை நம்பி இனப்பெருக்கத் திட்டம் வகுக்க இயலாது. மறுபக்கம், வேகமாக எடை கூடும் வெளிநாட்டு இனங்களோடு கலப்பு நடந்துகொண்டே இருக்கிறது. கலப்பினால் வருவாய் கூடுகிறது. அதைக் குறைகூற முடியாது. ஆனால் கலப்பில் எது கிடைத்தது என்பதைத் தராசு காட்டுகிறது. எது போயிற்று என்பதைக் காட்ட ஒரு கருவியும் கொட்டிலில் இல்லை. வெள்ளணுக்களின் மரபணுச் செயற்பாட்டை அளப்பது அக்கருவியாக அமையக்கூடும்.

இதற்கு வேண்டிய அமைப்புகளில் பல இந்நகரிலேயே உள்ளன. மைசூர் அரசு 1920களில் கால்நடைகளுக்காக அமைத்த சீரம் நிலையம் ஹெப்பாளில் வளர்ந்து, இன்று தொண்டை அடைப்பான் முதலிய நோய்களுக்குத் தடுப்பூசி தயாரிக்கும் மாநில நிறுவனமாக விளங்குகிறது. 1958இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியும், இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிலையத்தின் பெங்களூரு வளாகமும் அதே ஹெப்பாளில் உள்ளன. எலகங்காவிலுள்ள தேசியக் கால்நடை நோய்ப்பரவல் தகவல் நிறுவனம், எந்த மாவட்டத்தில் எந்த நோய் வரக்கூடும் என்று இரு மாதங்கள் முன்னதாக எச்சரிக்கை வெளியிடுகிறது. ஆடுகோடியிலுள்ள தேசிய விலங்கு ஊட்டவியல், உடலியங்கியல் நிறுவனத்தார் வெள்ளாடுகளை வெப்பத்தில் வைத்து, வெப்பம் தாங்கும் மரபணுக்களும் கிருமியை இனங்காணும் ஏற்பிகளின் மரபணுக்களும் எவ்வாறு செயற்படுகின்றன என ஆராய்ந்துள்ளனர். அவர்கள் ஒப்பிட்ட இனங்களில் நம் சேலம் கறுப்பாடும் ஒன்று. ஆட்டுக்குச் செய்ததைப் பன்றிக்கும் செய்யலாம்.

களத்தில் செய்யத்தக்கவை

செய்முறை எளிது, ஒழுங்கே அரிது. பன்றிக்கு நோயை ஊட்டிப் பார்க்க வேண்டிய தேவையில்லை. சிறிதளவு இரத்தத்தை எடுத்துச் சோதனைக் குழாயில் பாக்டீரியாப் பொருளோடு சில மணி நேரம் வைத்து, மரபணுக்களின் செயற்பாட்டை அளக்கலாம். வழக்கமாகப் போடும் தடுப்பூசிக்கு முன்னும் பின்னும் இரத்தம் எடுத்தும் ஒப்பிடலாம். விலங்குக்குத் தீங்கு இல்லை.

ஆனால் தூது ஆர்.என்.ஏ. எளிதில் சிதையும் பொருள். எடுத்த இரத்தத்தை உடனே பாதுகாப்புக் கரைசலில் சேர்க்காவிட்டால், குளிரில் வைக்காவிட்டால், ஆய்வுக்கூடம் அடையுமுன் செய்தி அழிந்துவிடும். பன்றியைத் துரத்திப் பிடித்துக் கயிற்றால் கட்டி அலறவிட்டு எடுத்த இரத்தத்தில், அச்சத்தினால் சுரந்த பொருள்களே வெள்ளணுக்களின் செயற்பாட்டை மாற்றியிருக்கும். அதை நோயெதிர்ப்பு என்று படித்தால் முடிவு பிழையாகும். வயது, தீவனம், இரத்தம் எடுத்த நேரம், அண்மையில் கொடுத்த மருந்து ஆகிய யாவும் பதிவேட்டில் இருக்க வேண்டும். ஆகவே, விலையுயர்ந்த கருவியை இயக்கும் அறிவியலாளரின் வெற்றி, தொலைதூர ஊரில் பொறுமையாக இரத்தம் எடுத்துப் பதிவுசெய்யும் கால்நடை உதவியாளரின் கையில் இருக்கிறது. திட்ட மதிப்பீடு தயாரிக்கும் அலுவலர்கள் கருவிக்கு ஒதுக்கும் தொகையோடு, பயிற்சிக்கும் குளிர்ப்பெட்டிக்கும் போக்குவரத்துக்கும் தொகை ஒதுக்க வேண்டுகிறேன்.

மரபணுவைப் பற்றி இவ்வளவு பேசியதால் எளிய காப்புகளை மறந்துவிடலாகாது. பன்றியின் நஞ்சுக்கொடி வழியாக நோய் எதிர்ப்புப் பொருள் குட்டிக்குச் செல்வதில்லை. குட்டி வெறுங்கையோடு பிறக்கிறது. முதல் நாளில் குடிக்கும் சீம்பாலே அதற்குத் தாய் தரும் காப்பு. ஒரு நாள் கடந்தபின் அக்காப்பைக் குடல் ஏற்பதில்லை. மிகச் சிறந்த மரபணுவைப் பெற்ற குட்டியும் சீம்பால் இன்றி ஈரத் தரையில் கிடந்தால் மடியும். நல்ல விதை நீரின்றி முளைக்காது.

மாணவ நண்பர்களே! நாட்டுப் பன்றி இனம் ஒன்று மறைந்தால், அதன் வெள்ளணுக்கள் பல தலைமுறைகளாக நம் மண்ணின் கிருமிகளோடு போராடிப் பெற்ற அனுபவமும் உடன் மறைகிறது. அதை எந்த ஆய்வுக்கூடமும் மீண்டும் எழுத இயலாது. உங்களில் ஒருவர் குங்ரூவை, ஒருவர் நியாங் மேகாவை, ஒருவர் குடகின் கொட்டில்களிலுள்ள பன்றியை ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். பத்து ஆண்டுகளில் நம் நாட்டுப் பன்றிகளின் நோயெதிர்ப்பைப் பற்றி நம்பத்தகுந்த ஒரு பதிவேடு உருவாகிவிடும். அலுவலர்கள் அப்பதிவேட்டைக் கொண்டு எந்தக் கிடாவை எந்த ஊருக்கு அனுப்புவது என்று முடிவு செய்ய முடியும். கொட்டிலில் ஒரே பன்றியை நம்பியிருக்கும் குடும்பத்திற்கு நம் அறிவியல் செய்யத்தக்க கைம்மாறு அதுவே.